இறங்கும்போது டீகாஸ் எச்சரித்தால்: அறிகுறி வாரியாக என்ன செய்வது

விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போது வானில் விமானங்கள் மோதாமல் காக்கும் டீகாஸ் கருவியிலிருந்து காக்பிட்டில் "டிராஃபிக், டிராஃபிக்" என்ற குரல் கேட்டால், அடுத்த அரை நிமிடத்தில் செய்ய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே மனதில் பதிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கையேட்டைப் புரட்ட முடியாது. துணை விமானியின் வலது இருக்கைக்குப் புதிதாக வந்திருப்பவர்களையும், அடுத்த சிமுலேட்டர் பயிற்சிக்குத் தயாராகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என்ன தெரிகிறது, ஏன் தெரிகிறது, என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம். உங்கள் விமானத்தின் கையேடோ நிறுவனத்தின் நடைமுறையோ இங்கே சொல்வதிலிருந்து மாறுபட்டால், அவற்றையே பின்பற்றுங்கள்.

அறிகுறிகளுக்குள் போகுமுன் கருவி எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டீகாஸ் சுற்றியிருக்கும் விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களிடம், அதாவது கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் ரேடியோ கருவிகளிடம், 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது, 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் வாங்குகிறது. பதிலிலிருந்து தூரமும் உயரமும் கிடைக்கின்றன. ஆனால் அது முடிவெடுப்பது பெரும்பாலும் நேரத்தை வைத்துத்தான்: இதே வேகத்தில் இருவரும் போனால் இன்னும் எத்தனை விநாடியில் மிக அருகில் வருவோம்? 20,000 அடிக்கு மேல் 48 விநாடி இருக்கும்போது டி.ஏ., அதாவது கவனிக்கச் சொல்லும் எச்சரிக்கை வரும். 35 விநாடியில் ஆர்.ஏ., அதாவது இப்படிச் செய் என்ற கட்டளை வரும். 10,000 முதல் 20,000 அடி வரை இவை 45, 30 விநாடிகள். 5,000 முதல் 10,000 வரை 40, 25. அதற்குக் கீழே 2,350 அடி வரை 30, 20. அதற்கும் கீழே 25, 15. இறங்க இறங்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். நீங்கள் எந்த உயரத்தில் நிற்கப் போகிறீர்கள் என்பது டீகாஸுக்குத் தெரியாது. ஆட்டோபைலட்டில் 21,000 அடி என்று வைத்திருப்பதை அது பார்ப்பதில்லை. இப்போது எந்த வேகத்தில் இறங்குகிறீர்களோ, அதே வேகத்தில் இறங்கிக்கொண்டே இருப்பீர்கள் என்றுதான் கணக்குப் போடும். இறக்கத்தில் வரும் ஆர்.ஏ.க்களில் நாமே வரவழைத்துக்கொள்பவை பெரும்பாலும் இதனால்தான் வருகின்றன.

அறிகுறி: "டிராஃபிக், டிராஃபிக்" மட்டும் கேட்கிறது, திரையில் மஞ்சள் வட்டம்

இது டி.ஏ. மட்டுமே. பாதையை மாற்றாதீர்கள். இரண்டு விமானிகளில் ஓட்டுபவர் கட்டுப்பாடு தன்னிடம் இருப்பதை வாய்விட்டுச் சொல்லி, கையைக் கட்டுப்பாட்டின் மீது வைத்து, அடுத்து ஆர்.ஏ. வந்தால் என்ன செய்வது என்று தயாராக வேண்டும். கண்காணிப்பவர் திரையில் அந்த வட்டத்தின் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். "-10" என்றால் 1,000 அடி கீழே. பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அவர் நிமிடத்துக்கு 500 அடிக்குக் குறையாமல் ஏறுகிறார் அல்லது இறங்குகிறார்.

வெளியே பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் பார்த்ததை நம்பி, திரையில் வட்டம் இடப்பக்கம் இருக்கிறதே என்று வலப்பக்கம் திருப்புவது தவறு. டீகாஸ் காட்டும் திசை துல்லியமானது அல்ல. அது உயரத்தில் மட்டும் விலக்குவதற்காகக் கட்டப்பட்ட கருவி. அதோடு, தூரத்தில் நமக்குக் கீழே இருக்கும் விமானம்கூட நம் உயரத்திலோ மேலேயோ இருப்பதுபோலத் தெரியும். இரவில் விளக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பது இன்னும் ஆபத்து. ஜன்னலில் நீங்கள் கண்டுபிடித்த விமானம் டீகாஸ் பேசும் அதே விமானம்தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

டி.ஏ.யைத் தரையிலிருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் அறிவிக்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் அலைவரிசையை நிரப்புவதால் யாருக்கும் பயன் இல்லை.

இறக்கம் தொடங்கும்போதே திரையின் உயர வரம்பை "பிலோ" நிலைக்கு மாற்றிவைப்பது நல்ல பழக்கம். சாதாரண நிலையில் 2,700 அடி மேலும் கீழும்தான் தெரியும். "பிலோ"வில் பல விமானங்களில் கீழே 9,900 அடி வரை தெரியும். நமக்குக் கீழே யார் ஏறி வருகிறார்கள் என்பது டி.ஏ. வருவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

அறிகுறி: கொடுத்த உயரத்தை எட்டப் போகும் நேரத்தில் "லெவல் ஆஃப், லெவல் ஆஃப்"

இறக்கத்தில் அடிக்கடி சந்திக்கக்கூடியது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உங்களுக்கு 21,000 அடிக்கு இறங்க அனுமதி. உங்கள் பாதைக்குக் கீழே 20,000 அடியில் இன்னொரு விமானம் நேராகப் போகிறது. கட்டுப்பாட்டாளர் செய்தது சரி. 1,000 அடி இடைவெளி இருக்கிறது. நீங்கள் நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்தில் இறங்குகிறீர்கள். 22,000 அடியைத் தாண்டும்போது அவருக்கும் உங்களுக்கும் நடுவில் 2,000 அடி. 3,000 அடி வேகத்தில் அதைக் கடக்க 40 விநாடி. 48 விநாடி வரம்புக்குள் வந்துவிட்டதால், பக்கவாட்டிலும் நெருங்கிக்கொண்டிருந்தால் டி.ஏ. இதே வேகத்தில் இன்னும் 250 அடி இறங்கினால் இடைவெளி 1,750 அடி, நேரம் 35 விநாடி. அங்கே ஆர்.ஏ. வந்துவிடும். நீங்கள் நிற்க வேண்டிய உயரத்துக்கு இன்னும் 750 அடி பாக்கி. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் திரையில் ஆர்.ஏ.வின் சிவப்புச் சதுரம்.

இப்போது அதே இடத்தில் நிமிடத்துக்கு 1,500 அடி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22,000 அடியில் இடைவெளி அதே 2,000 அடிதான். கடக்க 80 விநாடி. வரம்பு பக்கத்திலேயே வரவில்லை. மேலும் இறங்கினாலும், ஆர்.ஏ. வரும் எல்லையை எட்டுமுன் ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்து வேகத்தைக் கரைத்திருக்கும். அதிகம் போனால் ஒரு டி.ஏ. வந்து போகும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு சொல்லும் பரிந்துரை இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது: பக்கத்து உயர மட்டத்தில் இன்னொரு விமானம் இருப்பது தெரிந்தால், கடைசி 1,000 அடியில் வேகம் 1,500க்குள் இருக்கட்டும். 29,000 முதல் 41,000 அடி வரை விமானங்களுக்கு இடையே 1,000 அடி மட்டுமே இடைவெளி வைக்கும் பகுதியில் இது இன்னும் முக்கியம்.

நடைமுறையில் தடுமாறுவது எங்கே என்றால், ஆட்டோபைலட்டின் மோடில். எஞ்சினை ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில் வைத்து, வேகத்தைப் பிட்ச்சால், அதாவது மூக்கின் கோணத்தால், பிடித்துக்கொண்டு இறங்கும் மோடில் செங்குத்து வேகம் தன் இஷ்டத்துக்கு ஏறும். இறக்கையின் மேல் காற்றைத் தடுக்கும் ஸ்பீடுபிரேக்கும் திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கடைசி 1,000 அடி வரும்வரை காத்திருந்து பிறகு செங்குத்து வேக மோடுக்கு மாறலாம் என்று நினைத்தால், அதற்குள் ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிக்கும் கட்டத்தைத் தொடங்கியிருக்கும். வேகம் அதிகமாக இருந்தால் அது சீக்கிரமே தொடங்கும். அந்தக் கட்டத்தில் மோடை மாற்றினால் பிடித்த உயரத்தை விட்டுவிட்டு வேறெங்கோ போகும் அபாயம் உண்டு. அதனால் 2,000 அடி மிச்சம் இருக்கும்போதே மாற்றுங்கள். செங்குத்து வேகம் முதலில் 2,000, அப்புறம் 1,500, கீழே யாராவது இருந்தால் 1,000. சில ஏர்பஸ் விமானங்களில் டி.ஏ. வந்ததும் தானாகவே வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. இருந்தாலும் அதை நம்பி 3,000 அடி வேகத்தில் வருவது சரியில்லை.

இரண்டு பேரும் நகரும்போது கணக்கு இன்னும் இறுக்கமாகும். நீங்கள் 1,500 வேகத்தில் இறங்க, அவர் 1,500 வேகத்தில் ஏறினால் நெருங்கும் வேகம் மறுபடியும் 3,000 ஆகிவிடுகிறது. கட்டுப்பாட்டாளர் "எதிரே ஏறி வரும் விமானம் உங்களுக்குக் கீழே 1,000 அடியில் நிற்கும்" என்று சொன்னால், அதை உங்கள் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் குறிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இத்தனைக்கும் பிறகு "லெவல் ஆஃப்" வந்தே விட்டது. செய்ய வேண்டியது அது சொல்வதையேதான்: செங்குத்து வேகத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏறத் தேவையில்லை. "நான் இன்னும் 700 அடியில் நிற்கப் போகிறேன், இது வீண் எச்சரிக்கை" என்று முடிவுகட்டிவிட்டுத் தொடர்ந்து இறங்காதீர்கள். எதிரில் இருப்பவரின் டீகாஸும் உங்கள் டீகாஸும் டிரான்ஸ்பாண்டர்களின் தரவு இணைப்பான மோட் எஸ் வழியே பேசி, யார் எந்தப் பக்கம் விலகுவது என்று பங்கு பிரித்துக்கொண்டுதான் இந்தக் கட்டளையே வந்திருக்கிறது.

பழைய மென்பொருளில் இதே இடத்தில் "அட்ஜஸ்ட் வெர்ட்டிகல் ஸ்பீட், அட்ஜஸ்ட்" என்று வரும். எந்தப் பக்கம் சரிசெய்வது என்று அந்த வாக்கியம் சொல்லாது. சில விமானிகள் வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருக்கிறார்கள். அதனால்தான் 7.1 பதிப்பில் அதை நீக்கிவிட்டு "லெவல் ஆஃப்" கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய வான்வெளியில் 2015 டிசம்பர் 1 முதல் 5,700 கிலோவுக்கு மேற்பட்ட அல்லது 19 பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடிய டர்பைன் விமானங்களுக்கு இந்தப் பதிப்பு கட்டாயம். ஒரு குரல் கட்டளையின் சொற்கள் மாறியதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அறிகுறி: வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது "கிளைம்ப், கிளைம்ப்"

எஞ்சின் ஐடிலில், ஒருவேளை ஸ்பீடுபிரேக் வெளியே, மூக்கு கீழே. அந்த நிலையில் ஏறச் சொல்கிறது. இங்கேதான் கைகள் தடுமாறும்.

முதல் ஆர்.ஏ.வுக்கு நீங்கள் 5 விநாடிக்குள் செயல்படத் தொடங்குவீர்கள், கால் ஜி (புவியீர்ப்பில் நான்கில் ஒரு பங்கு) அளவுக்கு இழுப்பீர்கள் என்று கருவி எதிர்பார்க்கிறது. கால் ஜி என்பது மென்மையான இழுப்பு. பயணிகளுக்கு உடல் லேசாக இருக்கையில் அழுந்துவது போலத் தெரியும், அவ்வளவுதான். மேக் 0.80 வேகத்தில் செங்குத்து வேகத்தை 1,500 அடி மாற்றப் பிட்ச்சில் 2 டிகிரி போதும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தில் சுமார் 4 டிகிரி. 200 நாட்டுக்குக் கீழே, தரையிறங்க நெருங்கும்போது 5 முதல் 7 டிகிரி. நீங்கள் 2,000 வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்து 1,500 வேகத்தில் ஏற வேண்டுமானால் மொத்த மாற்றம் 3,500 அடி. டிகிரிகளை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பதற்றத்தில் பலர் இதைவிட அதிகமாக இழுத்துவிடுகிறார்கள். அதில் இரண்டு கேடு. மேலே இருக்கும் மூன்றாவது விமானத்தை நோக்கிப் போய்விடலாம். கேபினில் பெல்ட் போடாமல் நடந்துகொண்டிருப்பவர்கள் விழுந்து காயமடையலாம். செங்குத்து வேகமானியில் டீகாஸ் காட்டும் பச்சைப் பட்டைக்குள் ஊசியைக் கொண்டுபோய் வையுங்கள், அங்கேயே நிறுத்துங்கள். பச்சையைத் தாண்டிப் போவதற்கு எந்தப் பரிசும் கிடையாது.

ஆட்டோபைலட்டைப் பற்றி. டீகாஸ் மோடு உள்ள விமானம் என்றால், உதாரணத்துக்கு ஏ380, ஏ350, பிறகு அந்த வசதி சேர்க்கப்பட்ட ஏ320 வகைகள், ஆட்டோபைலட்டே கட்டளையை நிறைவேற்றும். நீங்கள் கையெடுக்காமல் சரியாகச் செய்கிறதா என்று பார்த்தால் போதும். அது இல்லாத ஏர்பஸ் என்றால் ஆட்டோபைலட்டைத் துண்டித்து, திரையில் வழிகாட்டும் இரண்டு ஃப்ளைட் டைரக்டரையும் அணைக்க வேண்டும். இரண்டையும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒன்றை அணைக்காமல் விட்டால், ஐடிலில் இறங்கும் மோடு உயிரோடு இருக்கும். நீங்கள் மூக்கைத் தூக்குவீர்கள், எஞ்சின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஆட்டோத்ரஸ்ட் ஐடிலிலேயே உட்கார்ந்திருக்கும், வேகம் கரையும். இரண்டையும் அணைத்தால்தான் ஆட்டோத்ரஸ்ட் வேகத்தைப் பிடிக்கும் மோடுக்கு வரும். போயிங்கில் ஆட்டோபைலட், ஆட்டோத்ராட்டில் இரண்டையும் துண்டித்து, திரையில் சிவப்பு எல்லைக்கு வெளியே பிட்ச்சை வைத்து, த்ரஸ்டைக் கையால் கொடுக்க வேண்டும்.

ஸ்பீடுபிரேக்கை உள்ளே தள்ள மறக்காதீர்கள். ஓட்டுபவரின் கவனம் பச்சைப் பட்டையில் இருக்கும். இதை நினைவுபடுத்த வேண்டியவர் கண்காணிப்பவர்தான்.

ஸ்டால் (இறக்கை தாங்குவிசையை இழப்பது) எச்சரிக்கை, விண்ட்ஷியர் (திடீர்க் காற்று மாற்றம்), தரை நெருங்கும் எச்சரிக்கை ஆகிய மூன்றும் டீகாஸுக்கு மேலே. அவை வந்தால் அவற்றுக்குத்தான் முதலில் பதில். விண்ட்ஷியரோ தரை எச்சரிக்கையோ ஒலிக்கும்போது டீகாஸ் தானாகவே டி.ஏ. மட்டும் தரும் நிலைக்குப் போய்விடும்.

அறிகுறி: டீகாஸ் ஒன்று சொல்கிறது, கட்டுப்பாட்டாளர் நேர்மாறாகச் சொல்கிறார்

டீகாஸ் சொல்வதையே செய்யுங்கள். இந்த இடத்தில் விவாதத்துக்கு இடமில்லை. இந்த விதி எழுதப்பட்டதற்கு மனிதர்கள் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யாய்சு அருகே வானில், ஜப்பான் ஏர்லைன்ஸின் இரண்டு விமானங்கள் நெருங்கின. ஒன்று போயிங் 747, இன்னொன்று டி.சி.-10. கட்டுப்பாட்டு அறையில் விமான எண் மாறிப்போய், இறங்கு என்ற உத்தரவு தவறான விமானத்துக்குப் போனது. அந்த 747இன் டீகாஸ் ஏறு என்றது. கேப்டன் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கினார். டி.சி.-10இன் டீகாஸ் இறங்கு என்றது, அதன் கேப்டனும் இறங்கினார். கடைசி நேரத்தில் கண்ணால் பார்த்து விலக்கியதால் மோதல் தவிர்ந்தது. ஆனால் அந்தத் திடீர் அசைவில் 747இல் இருந்த ஏறக்குறைய நூறு பேர் காயமடைந்தார்கள்.

அடுத்த ஆண்டே, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகரத்துக்கு மேலே அதே வடிவம். ரஷ்யாவின் பாஷ்கிர் நிறுவனத்தின் டி.யூ.-154, டி.ஹெச்.எல். சரக்கு விமானமான போயிங் 757. கட்டுப்பாட்டாளர் டி.யூ.-154ஐ இறங்கச் சொன்னார். சில விநாடிகளில் அதன் டீகாஸ் ஏறு என்றது. அவர்கள் இறங்கினார்கள். 757இன் டீகாஸ் இறங்கு என்றது, அவர்கள் அதன்படியே இறங்கினார்கள். இரண்டும் மோதி 71 பேரும் இறந்தார்கள். அந்த இரவில் அந்தப் பணியிடத்தில் ஒரே ஒருவர்தான் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்புக்காக அவருடைய எச்சரிக்கை வசதியும் குறைக்கப்பட்டிருந்தது.

காரணம் எளிதில் விளங்கும். டீகாஸ் இரண்டும் ஒன்றோடொன்று பேசி முடிவெடுக்கின்றன. கட்டுப்பாட்டாளருக்கு உங்கள் காக்பிட்டில் என்ன கட்டளை வந்தது என்று தெரியாது. அவருடைய ராடார் படம் சில விநாடி பழையது. ஒருவர் மட்டும் டீகாஸை மீறினால், மற்றவர் அதை ஒழுங்காகப் பின்பற்றுவதே மோதலுக்குக் காரணமாகிவிடுகிறது. ஆர்.ஏ.வுக்கு எதிர்த்திசையில் போவது, எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மோசம் என்று சொல்வது இதனால்தான்.

அதனால் கட்டளையை நிறைவேற்றத் தொடங்கியதும் கண்காணிப்பவர் அலைவரிசையில் அழைப்புப் பெயரைச் சொல்லி "டீகாஸ் ஆர்.ஏ." என்று மட்டும் சொல்லட்டும். மேலேயா கீழேயா என்று விவரிக்க வேண்டாம். அதைக் கேட்டதும் கட்டுப்பாட்டாளர் உங்கள் பாதையை மாற்ற முயலக் கூடாது என்பது விதி. நீங்கள் அனுமதிக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்லும்வரை உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துவைக்கும் பொறுப்பும் அவருக்கு இல்லை. யூபர்லிங்கனில் 757இன் விமானிகள் அறிவித்தது மோதலுக்குச் சில விநாடிகள் முன்புதான். அப்போது கட்டுப்பாட்டாளரின் கவனம் மற்ற விமானத்தின்மீது இருந்தது. ஓட்டுவது முதலில், சொல்வது பிறகு என்பது சரிதான். ஆனால் அந்தப் "பிறகு" சில விநாடிகளுக்கு மேல் நீளக் கூடாது. கட்டுப்பாட்டாளர் ஏதாவது உத்தரவு கொடுத்தால் பதில்: "அனேபிள் (இயலாது), டீகாஸ் ஆர்.ஏ."

அறிகுறி: குரல் நடுவில் மாறுகிறது

"இறங்கு" என்று தொடங்கியது "இன்க்ரீஸ் டிசென்ட்" என்றோ, "கிளைம்ப், கிளைம்ப் நவ்" என்றோ மாறலாம். முதல் வகை, விலகல் போதவில்லை என்பதால். 1,500 அடி வேகத்துக்குப் பதில் 2,500 கேட்கும். இரண்டாவது, திசையே தலைகீழாகிறது. பெரும்பாலும் எதிரில் இருப்பவர் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை என்பதால் வரும். இதற்கு 5 விநாடி அவகாசம் கிடையாது; 2.5 விநாடிக்குள், முதல்முறையைவிடக் கொஞ்சம் வலுவாக, 0.35 ஜி அளவில் செயல்பட வேண்டும். கருவி குழம்பிவிட்டது என்று நினைத்து முதல் கட்டளையையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் இங்கே நடக்கக்கூடிய பெரிய தவறு. யூபர்லிங்கனுக்குப் பிறகு 7.1 பதிப்பில் இந்தத் திசைமாற்றும் தர்க்கத்தைத்தான் பலப்படுத்தினார்கள்.

"கிராஸிங் டிசென்ட்" போன்ற கட்டளையில் மற்ற விமானத்தின் உயரத்தைத் தாண்டிப் போகச் சொல்லும். மனது ஒப்பாது. ஆனாலும் செய்யுங்கள்.

அறிகுறி: தரையிறங்கும் பாதையில், தாழ்வான உயரத்தில் எச்சரிக்கை

தரையிலிருந்து சுமார் 1,550 அடிக்குக் கீழே "இன்க்ரீஸ் டிசென்ட்" வராது. சுமார் 1,100 அடிக்குக் கீழே "டிசென்ட்" வராது. சுமார் 1,000 அடிக்குக் கீழே எந்த ஆர்.ஏ.வும் வராது, சுமார் 500 அடிக்குக் கீழே டி.ஏ.யின் குரலும் நின்றுவிடும். 1,000 அடிக்கு மேல் "கிளைம்ப்" வந்தால் அதைக் கோ-அரவுண்டாகவே, அதாவது இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் ஏறுவதாகவே, எடுத்துக்கொள்ளுங்கள்: முழு த்ரஸ்ட், ஃப்ளாப்பைக் குறைப்பது, ஏறத் தொடங்கியதும் சக்கரம் உள்ளே. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது, எல்லாம் சீராக இருக்கிறது என்பதெல்லாம் இந்தக் கட்டளையைத் தள்ளிவைக்கக் காரணம் ஆகாது.

பக்கத்துப் பக்கத்து ஓடுபாதைகளில் கண்பார்வையை நம்பி இணையாக இறங்கும்போது தேவையற்ற ஆர்.ஏ. வரலாம். அதற்காக டி.ஏ. மட்டும் தரும் நிலைக்கு மாற்ற உங்கள் நிறுவனம் அனுமதித்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். நீங்களாக முடிவு செய்து மாற்ற வேண்டாம். அந்த நிலையில் உங்கள் கருவி எதிரில் இருப்பவருக்கு ஒத்துழைக்காது.

அறிகுறி: "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்"

முடிந்தது. மெதுவாக, ஆனால் தாமதிக்காமல், கொடுக்கப்பட்ட உயரத்துக்குத் திரும்புங்கள். "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" என்று சொல்லி, எந்த உயரத்துக்குத் திரும்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஃப்ளைட் டைரக்டர், ஆட்டோபைலட், ஆட்டோத்ராட்டில் மூன்றையும் திரும்பப் போட்டு, மோடுகளை வாய்விட்டுப் படியுங்கள். கொடுத்த உயரத்தைப் பிடிக்க ஆட்டோபைலட் இன்னும் ஆர்ம் ஆகி, அதாவது தயாராக, இருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். ஆர்.ஏ. முடிந்த நிம்மதியில் கொடுத்த உயரத்தைத் தாண்டி இறங்கிப் போகக்கூடிய இடம் இதுதான். தரையிறங்கியதும் அறிக்கை எழுதுங்கள், எச்சரிக்கை வீண் என்று உங்களுக்குத் தோன்றினாலும்கூட.

அறிகுறி: திரையில் விமானம், வானில் எதுவும் இல்லை

உண்டு, இப்படியும் நடக்கும். தரையில் பராமரிப்புக்காகச் சோதிக்கப்படும் டிரான்ஸ்பாண்டர் ஒன்று, தவறுதலாக உயரத்தோடு ஒலிபரப்பிக்கொண்டிருக்கலாம். சிறிய விமானம் ஒன்றின் உயரமானி தவறான எண்ணை அனுப்பலாம். 2025 மார்ச் 1 அன்று வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்துக்கு இறங்கிய பல விமானங்களுக்கு, பக்கத்தில் எதுவும் இல்லாதபோதே டீகாஸ் எச்சரிக்கை வந்தது.

வானில் இருக்கும்போது இதைப் பொய் என்று நிரூபிக்க உங்களுக்கு வழி கிடையாது. ஆர்.ஏ. வந்தால் உண்மை என்றே எடுத்து நிறைவேற்றுங்கள். பிறகு இடம், உயரம், நேரம் மூன்றையும் குறித்துக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லுங்கள். அதே இடத்தில் இன்னொருவருக்கும் வந்தால்தான் தரையில் தேடுவார்கள்.

அறிகுறி: கண்ணுக்கு விமானம் தெரிகிறது, டீகாஸ் பேசவில்லை, அல்லது "டீகாஸ் ஃபெயில்"

எதிரில் இருப்பவரின் டிரான்ஸ்பாண்டர் உயரத்தை அனுப்பவில்லை என்றால் டி.ஏ. மட்டும் வரலாம், ஆர்.ஏ. வராது. திரையில் எண் இல்லாத குறி தெரிந்தால் அதுதான் அர்த்தம். டிரான்ஸ்பாண்டரே இல்லை என்றால் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசில் வானில் கோல் நிறுவனத்தின் போயிங் 737உம் லெகசி சிறு ஜெட் விமானமும் 37,000 அடியில் நேருக்கு நேர் வந்தன. இரண்டிலும் டீகாஸ் இருந்தது. லெகசியின் டிரான்ஸ்பாண்டர் ஒலிபரப்பாததால் இரண்டுமே பேசவில்லை. 737இல் இருந்த 154 பேரும் இறந்தார்கள். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே நடந்ததோ இறக்கத்திலேயே. 15,000 அடிக்கு இறங்க அனுமதி பெற்ற கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே போய், 14,000 அடிக்கு அனுமதிக்கப்பட்டிருந்த சவுதி போயிங் 747உடன் மோதியது. 349 பேர் இறந்தார்கள். இரண்டு விமானத்திலும் டீகாஸ் கிடையாது.

ஆகவே "டீகாஸ் ஃபெயில்" என்று வந்தால் முதலில் டிரான்ஸ்பாண்டரைப் பாருங்கள். பெரும்பாலும் பிரச்சினை அங்கேதான் தொடங்கும். டிரான்ஸ்பாண்டர் இரண்டுக்கு மாற்றுங்கள், உயரம் அனுப்பும் நிலையில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள், தெரிவு சுவிட்ச் டி.ஏ./ஆர்.ஏ. நிலையில் நிற்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தின் நெரிசலில் கை பட்டு ஸ்டாண்ட்பைக்குப் போயிருக்கலாம். கட்டுப்பாட்டாளரிடம் உங்கள் உயரம் அவர் திரையில் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் பாதி மறைந்துவிட்டீர்கள். டிரான்ஸ்பாண்டர் நன்றாக இருந்து டீகாஸ் மட்டும் போயிருந்தால் பயணத்தைத் தொடரலாம். வேகத்தைக் கடைசி 1,000 அடியில் 1,500க்குள் வைத்து, அலைவரிசையில் மற்றவர்களுக்குக் கொடுக்கப்படும் உயரங்களையும் கேட்டுக்கொண்டு, ஒருவராவது வெளியே பார்த்துக்கொண்டே இறங்குங்கள். தரையிறங்கியதும் விமானத்தின் பழுதுக் குறிப்பேடான டெக் லாகில் எழுதி, அடுத்து எடுத்துக்கொள்ளும் விமானிகளுக்கு நேரிலும் சொல்லிவிடுங்கள்.